யன்னல் சாத்திய வீட்டுக்குள் காற்று

பொழுதுபட்டதும் எங்கள் குறிச்சியில் யன்னல்களைச் சாத்திவிடுவார்கள். ஆண் துணை இல்லாத வீடுகளில் விளக்கு ஏற்றுவதற்கு முன்பே சாத்தியாகிவிடும். வெக்கையான ஊரில் வீடு கட்டுவது பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும், பெரிய யன்னல் வையுங்கள், இரவில் திறந்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால் இரண்டு பெண்பிள்ளைகளோடும் வயதான மாமியோடும் காட்டோரம் குடியிருக்கும் ஒருத்திக்கு அது உதவாது. யன்னலைத் திறக்காமல் காற்றை உள்ளே எடுப்பது எப்படி என்பதே நான் வீடு கட்டியபோது எனக்கிருந்த கேள்வி.

2010 இல் கிளிநொச்சி மாவட்டத்தில் எமது காணிக்குத் திரும்பினோம். கணவரைப் பற்றி 2009 வைகாசிக்குப் பின் ஒரு தகவலும் இல்லை. தகரத்தாலும் தறப்பாளாலும் ஒரு கொட்டில் போட்டு மூன்று வருடம் இருந்தோம். 2011 ஆவணியில் 'கிறீஸ் பூதம்' என்ற பயம் நாட்டின் பல பகுதிகளிலும் பரவியபோது, தட்டிக் கதவைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு நாலு பேரும் உள்ளே விழித்திருந்தோம். அந்த இரவுகளில் ஒன்றைக் கவனித்தேன். தகரம் பத்து மணிக்கெல்லாம் ஆறிவிடும், தொட்டால் குளிரும். அப்படியிருந்தும் எங்களுக்கு அவிந்தது. நாலு பேரின் மூச்சும் வியர்வையும் வெளியே போக வழியில்லை. ஈரப்பதன் கூடிய காற்றில் வியர்வை இலேசில் காயாது. காற்று ஓடினால்தான் காயும், காய்ந்தால்தான் உடம்பு ஆறும்.

2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் எமது பெயர் வந்தது. 550,000 ரூபா, கட்டம் கட்டமாக வங்கிக்கு வரும். 550 சதுர அடி. கட்டும் பொறுப்பு பயனாளியுடையது. அதாவது மேசனோடு வாதாடும் பொறுப்பும் எங்களுடையதுதான்.

முதல் வாதம் வீட்டின் முகம் பற்றியது. எங்கள் காணிக்குத் தெரு மேற்குப் பக்கம். மேசன் அண்ணை நீளப் பக்கத்தைத் தெருவுக்குக் காட்டிக் கயிறு பிடித்தார். "தெருவைப் பாத்தால்தான் வீட்டுக்கு ஒரு எடுப்பு, தங்கச்சி" என்றார். எடுப்புக்காகப் பின்னேர வெயிலை முழுச் சுவரிலும் வாங்க எனக்கு மனமில்லை. எங்கள் பக்கத்தில் சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணிக் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நடுப்பகல் வெயிலைப் பெரும்பாலும் கூரையே வாங்கிக்கொள்ளும். தாழ்வாரம் நீளமாக இருந்தால் வடக்கு, தெற்குச் சுவர்கள் நிழலில் நிற்கும். ஆனால் காலையிலும் பின்னேரத்திலும் சரிந்து வரும் வெயிலுக்குத் தாழ்வாரம் மறைப்பாகாது. கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் நேரே அடிக்கும். மேற்குச் சுவர் குடித்த சூடு நாங்கள் பாய் விரிக்கும் நேரத்தில் உள்ளே இறங்கும். ஆகவே குறுகிய பக்கத்தை மேற்குக்குக் கொடுத்து, வாசலைத் தெற்கே வைத்தோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து, அறைகளின் அளவு மாறாவிட்டால் சரி என்றார்.

அடுத்தது பூக்கல். தெற்கிலும் வடக்கிலும் கூரைக்குக் கீழே ஒவ்வொரு வரிசை வேண்டும் என்றேன். தெற்குச் சுவரில் முழங்கால் உயரத்தில் இன்னொரு வரிசை. வைகாசி தொடங்கிச் சோளகம் அந்தப் பக்கத்தால்தான் வீசும். கீழே நுழையும் காற்று சூடேறி மேலே போய் எதிர்ப்பக்கத்தால் வெளியேற வேண்டும். "பாம்பு வரும், சாரல் அடிக்கும்" என்றார் மேசன் அண்ணை. இரண்டும் உண்மை. பாம்புக்கும் நுளம்புக்குமாக உட்பக்கத்தில் கம்பி வலை அடித்தோம். வலை காற்றைக் கொஞ்சம் மறிக்கும். மாதம் ஒருதடவை தூசு தட்டாவிட்டால் முழுதாகவே மறிக்கும். சாரலுக்குத் தாழ்வாரத்தை மூன்றடி வெளியே இழுத்தோம். அதற்கு வாங்கிய பனஞ்சலாகைக்கும் ஓட்டுக்கும் என் காப்பு ஒன்று போனது. பூக்கல்லின் துளை ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். மணிக்கட்டுக்கு மேல் போகக்கூடாது.

பலரும் விட்டுவிடுவது உள் சுவரை. அதில் துளை இல்லாவிட்டால் காற்று முதல் அறையோடு நின்றுவிடும். இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரிலும், அறைக்கதவுகளுக்கு மேலும் பூக்கல் வைத்தோம். பிள்ளைகள் குசுகுசுப்பதெல்லாம் மாமிக்குக் கேட்கிறது என்பது அதனால் வந்த ஒரு தொந்தரவு.

சீலிங் அடிக்கக் காசு இருக்கவில்லை. மாமி பனையோலைப் பாய் பின்னுவார். படுக்கையறைகளில் ஓட்டுக்கு ஒரு முழம் கீழே கம்பி இழுத்து அந்தப் பாய்களைப் பரப்பினோம். ஓட்டின் அனல் நேரே தலையில் இறங்குவது நின்றது. எலி வரும், ஒட்டறை பிடிக்கும், இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். குசினிக்கு மட்டும் வேண்டாம், அடுப்பு நெருப்பு ஏறினால் அவ்வளவுதான்.

கண்ணிவெடி அகற்றிய பிறகும் பயத்தில் வளவை மொட்டையாக வெட்டியவர்கள் எங்கள் குறிச்சியில் அதிகம். மேற்கு வேலியோரம் நின்ற இரண்டு வேம்பையும் நான் வெட்டவிடவில்லை. இன்று மூன்று மணிக்குப் பிறகு அந்தச் சுவரில் வெயில் குறைவு.

2016 இல் வடக்கு, கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒன்றுக்கு 20 இலட்சத்துக்கு மேல் விலை. இந்த வெக்கைக்கு அது பொருந்துமா என்று பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்து, பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த நேரம் எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு அக்கா எழும்பி, "கல்லோ இரும்போ, ராவிலை கதவைச் சாத்தினால் மூச்சுவிட ஏலுமோ எண்டு ஆராவது கேட்டவையோ?" என்றார். அந்தக் கேள்வியை வேறு எங்கும் நான் கேட்கவில்லை.

மின்சாரம் வந்ததும் ஒரு மின்விசிறி வாங்கினோம். 75 வாற்று விசிறி இரவில் 8 மணித்தியாலம் ஓடினால் மாதம் 18 அலகு. இரண்டு அறையிலும் ஓடினால் 36; அதோடு 30 அலகுப் படியைத் தாண்டிவிடுவோம். 2022 ஆவணியிலும் 2023 மாசியிலும் கட்டணம் பாய்ந்து ஏறியபோது, பிறகு ஏறியும் இறங்கியும் வந்தபோதும், அந்தப் படியைத் தாண்டாமல் இருப்பதே எங்கள் கவலை. சோளகம் வீசும் மாதங்களில் விசிறி தேவைப்படுவதில்லை. பங்குனி, சித்திரையில் காற்றே இல்லாத இரவுகளில் பூக்கல்லும் கைவிடும். அப்போது ஒரே அறையில் எல்லோரும் படுத்து ஒரு விசிறியைப் போடுவோம்.

இப்போது அடுத்த ஒழுங்கையில் ஒரு தங்கச்சி அத்திவாரம் வெட்டுகிறாள். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு தனியே இருக்கிறாள். காணி ஒடுக்கம், நீளப் பக்கம் மேற்கைப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. மேசன் அதே அண்ணைதான். குசினியையும் சாமான் அறையையும் மேற்கே தள்ளினால் அவை வெயிலை வாங்கிக்கொள்ளும், படுக்கிற அறைகள் கிழக்கே தப்பும் என்று நான் சொன்னேன். பூக்கல் எங்கே வைப்பது என்று நான் வாய் திறக்கமுதல் அவரே சுண்ணாம்பால் சுவர்க்கோட்டில் அடையாளம் போட்டிருந்தார். பூக்கல்லுக்கு அவளிடம் இன்னும் காசு சேரவில்லை. அடுத்த கட்டப் பணம் வந்ததும் கடைக்கு நானும் போகிறேன்.