ஓடைக்கரையில் ஒரு பச்சைத் தகடு

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில், நடுவட்டத்தை நெருங்கும்போதே காற்றில் ஈரம் கூடிவிடும். தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் சரிவு அது. சோலைக்காட்டுக்குள் ஓடை இறங்கும் இடமாகப் பார்த்து நின்றேன். மரப்பெரணிகளின் இடம் அதுதான். ஆளைவிட உயர்ந்த கரிய தண்டு, அதில் உதிர்ந்த ஓலைகளின் தழும்புகள், உச்சியில் வட்டமாக விரிந்த ஓலைகள், நடுவே செதில் மூடிச் சுருண்டிருக்கும் இளங்குருத்து.

பூ இல்லை, காய் இல்லை. ஓலையைத் திருப்பினால் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஸ்போர்ப் பைகளின் கூட்டம். பையை அணைத்திருக்கும் வளையத்தின் செல்களில் நீர் வற்றும்போது, வளையம் பின்னோக்கி வளைந்து பையைப் பிளக்கும். பிறகு சட்டென்று மீளும். அந்த வேகத்தில் ஸ்போர்கள் கவண்கல்லாய்த் தெறிக்கும்.

விழுந்த இடத்தில் முளைப்பது உடனே பெரணி அல்ல. ஓடைக்கரை மண்ணில் குனிந்து தேடினால் கிடைப்பது, விரல்நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடு. வேரும் தண்டும் இல்லாத அதுவும் தனித்து வாழும் தாவரமே. ஆணணுவும் முட்டையும் அதன் அடிப்பக்கத்தில் உருவாகின்றன. ஆணணு முட்டைவரை நீந்திச் செல்ல ஈரப்படலம் வேண்டும். இரண்டும் சேர்ந்த பிறகுதான் பெரணிக் கன்று எழும். தகடு ஒரு தலைமுறை, பெரணி அடுத்த தலைமுறை. பெரணியிலும் ஊசியிலை மரத்திலும் அடிப்படையில் ஒரே தலைமுறைச் சுழற்சிதான் நடக்கிறது என்று 1851-இல் காட்டியவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர்.

கூடலூரைத் தாண்டி முதுமலைப் பக்கம் போகப்போகக் காடு உலர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளுக்கு உரிய சைக்கஸ், பெரணிக்கும் பூமரத்துக்கும் இடையிலான கதையைச் சொல்லும். நாட்டுமருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்பது இதன் ஆண் கூம்பைத்தான். இளஞ்சிற்றிலைகள் பெரணிபோலவே சுருண்டு விரிகின்றன. ஆனால் இதற்கு விதை உண்டு. காற்றும் வண்டும் கொண்டுவரும் மகரந்தம் சூலுக்குள் சேர்ந்தபின், அதிலிருந்து வெளிப்படும் ஆணணு அங்கே இன்னமும் நீந்துகிறது! இதை 1896-இல் கண்டறிந்தவர் ஜப்பானின் இகேனோ. பெரணி மழையிடம் கேட்ட ஈரத்தைச் சைக்கஸ் தன் சூலுக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

பூக்கும் மரங்களில் நீச்சலும் போயிற்று. மகரந்தக் குழலே ஆணணுவை முட்டையிடம் சேர்க்கிறது. ஓடைக்கரையில் தனித்து வாழ்ந்த அந்தத் தகட்டின் பெண் வடிவம், பெரும்பாலும் 7 செல்களாகச் சுருங்கிச் சூலுக்குள் ஒடுங்கிவிட்டது. வறண்ட நிலங்களிலும் மரங்கள் பரவ இதுவும் உதவியது.

ஒரு தாவரம் எங்கே உடையும் என்பதை அதன் இனப்பெருக்கமே சொல்லிவிடுகிறது. கூம்பு முழுவதையும் மருந்துக்கு அறுத்தால் சைக்கஸுக்கு மகரந்தம் இல்லை. அழிவின் ஆபத்தில் இருக்கும் இனம் அது. ஓடையைத் திருப்பிக் கரையைக் காயவிட்டால், ஒரு மரப்பெரணியைக்கூட வெட்டாமலே அதன் சந்ததியை முடித்துவிடலாம். நெடிய தண்டுக்கு மட்டும் வேலி போட்டால் போதாது. நகத்தளவுத் தகடு வாழும் அந்த ஈரமண்ணையும் சேர்த்துக் காப்பதுதான் பெரணியைக் காப்பது.