ஏரி வாரியமும் கம்ப்யூட்டர் வாரியமும்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் சாதாரணமாக இரண்டு காரியங்களை முடித்துக் கொண்டு திரும்பி விடுகிறார்கள். ஒன்று, காமாட்சியம்மன் தரிசனம். மற்றொன்று, பட்டுப் புடவை. இரண்டும் முடிந்த பிறகு பொழுதும் மிஞ்சுவதில்லை, பர்ஸில் பணமும் மிஞ்சுவதில்லை! அடுத்த தடவை போகும்போது கொஞ்சம் பொழுதை மாத்திரமாவது மிச்சம் பிடித்து வையுங்கள். தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. செங்கற்பட்டு வழியாகவும் வரலாம். எந்த வழியாக வந்தாலும் வயலும் ஏரியும் வரப்பும் உங்களோடு கூடவே வரும்.

அந்த ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? மூன்று அடுக்கு விமானத்தில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் சுந்தர வரதராஜர் கோயில் ஒன்றே போதும். ஆனால் நான் உங்களை அழைத்துப் போக விரும்புவது வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு. சிறிய கோயில்தான். சுவரைப் பாருங்கள். வரி வரியாக எழுத்து! முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுக்கள் அங்கேதான் இருக்கின்றன.

"ஓ, குடவோலைதானே! என் பையனுக்குப் பாடத்திலேயே வருகிறதே!" என்பீர்கள். வாஸ்தவம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறு பையனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் ஏந்திக் கொள்ள வேண்டுமாம். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்திருக்கக் கூடாதல்லவா? அந்தக் காலத்துப் பெரியவர்கள் மனிதர்களை நன்றாகத்தான் அறிந்திருந்தார்கள்!

பெருமைப்படும்போதே ஒன்றையும் சொல்லி விட வேண்டும். அந்தக் குடத்தில் நம் பாட்டிமார் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. சொந்த நிலமும் வீடும் வேத சாஸ்திரப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அங்கே ஓலை. தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தது 2016-இல்தான்.

எடுத்தார்கள், சரி, எதற்கு?

ஓலை எடுத்த கதையைச் சொல்கிறவர்கள், எடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதைச் சொல்ல மறந்து விடுகிறார்கள். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். நம் வீட்டுக்குக் கரண்ட் பில் அனுப்பும் மின் வாரியம் இருக்கிறதே, அதே 'வாரியம்' என்ற சொல்தான் ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்னால் இந்தச் சுவரிலே வெட்டியிருக்கிறது.

பதவிக் காலம் 360 நாள். கணக்கைக் காட்டாமல் போனவர் மறுபடி ஓலைக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. இன்னொரு நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்டு வாரியத்துக்குப் போக வேண்டுமானால், ஏற்கெனவே தோட்டத்தையோ ஏரியையோ பார்த்துக் கொண்டவராக இருக்க வேண்டுமாம். முதலில் பராமரிப்பு, அப்புறம்தான் பெரிய பதவி!

இந்த ஊர்ப் பெரிய ஏரிக்கு அந்த நாளில் வயிரமேக தடாகம் என்று பெயர். ஏரி என்றால் வண்டல் படியும். வண்டல் படிந்தால் நீர் கொள்ளாது. பராந்தகனுக்கு முன்பே, பல்லவர் காலத்திலேயே, தூர் எடுப்பதற்கென்று பொன் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொன்னை முதலாக வைத்து, வரும் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் தூர் எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. தண்ணீர் சுத்திகரிக்கும் யந்திரத்துக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நாம் வருஷத்துக்கு ஒரு முறை பணம் கட்டி 'சர்வீஸ் காண்ட்ராக்ட்' எடுக்கிறோமே, அதற்கு இது பாட்டன்!

"சர்வர் வேலை செய்யவில்லை!"

கல்லில் கணக்கு எழுதிய காலம் போய் விட்டது. இன்றைக்கு உத்திரமேரூரிலும் சரி, உங்கள் ஊரிலும் சரி, பட்டா வேண்டுமென்றாலும் ரேஷன் அரிசி வேண்டுமென்றாலும் கம்ப்யூட்டரைத்தான் கேட்க வேண்டும். அரை மணி நேரம் வரிசையில் நின்று கௌண்டரை அடைந்ததும், "சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாங்க" என்ற பதிலைக் கேட்காத குடும்பத் தலைவி யாராவது உண்டா?

இந்தச் சர்வர் யார்? ஹோட்டலில் இட்லி கொண்டு வருகிறாரே, கிட்டத்தட்ட அவரேதான்! பல மேஜைகளிலிருந்து வரும் ஆர்டரைக் கேட்டு, உள்ளே போய், வேண்டியதை எடுத்து வந்து பரிமாறுகிற கம்ப்யூட்டருக்குத்தான் சர்வர் என்று பெயர். வீட்டுக் கம்ப்யூட்டரை இரவில் அணைத்து விட்டுத் தூங்கலாம். சர்வருக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை, தீபாவளியும் இல்லை. வருஷக் கணக்கில் ஓடிக் கொண்டே இருக்கும்.

ஓடி ஓடி அதற்கும் வயசாகிறது. "பழசைத் தூக்கிப் போட்டு விட்டுப் புதிசு வாங்கினால் என்ன?" என்று கேட்கலாம். சில சமயம் முடிவதில்லை. பழைய யந்திரத்துக்கென்று எழுதிய கணக்குமுறை புதிய யந்திரத்தில் ஓடாது. பாட்டியின் கைமுறுக்குப் பக்குவம் பாட்டியின் கைக்குத்தானே வரும்! அதனால் தொழிற்சாலைகளிலும் பாங்குகளிலும் பழைய சர்வரை ஜாக்கிரதையாக வைத்துக் காப்பாற்ற வேண்டிய அவசியம் ஏற்பட்டு விடுகிறது.

யந்திரத்துக்கும் வண்டல் படியும்

மூடியைக் கழற்றிப் பார்த்தால் முதலில் தெரிவது தூசு. ஏரிக்கு வண்டல் எப்படியோ, யந்திரத்துக்குத் தூசு அப்படி. உள்ளே இருக்கும் விசிறிகள் காற்றை இழுக்கும்போது தூசையும் சேர்த்து இழுக்கின்றன. தூசு படிந்தால் சூடு வெளியேறாது. சூடு தங்கினால் ஆயுள் குறையும். வாரத்துக்கு ஒரு முறை ஃபேன் துடைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

அடுத்தது கண்டென்ஸர். கூரை விசிறி மெதுவாகச் சுற்றினால், "கண்டென்ஸர் போய் விட்டது, அம்மா" என்று எலெக்ட்ரீஷியன் சொல்வார் அல்லவா? சர்வருக்குள்ளேயும் அந்த வர்க்கத்தைச் சேர்ந்த சின்னச் சின்ன உருளைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் திரவம் நாளடைவில் காய்ந்து விடும். அல்லது உச்சி உப்பிக் கசியும். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில வருஷங்களில் உலகமெங்கும் இப்படி மட்டமான கண்டென்ஸர்கள் புகுந்து, ஏராளமான கம்ப்யூட்டர்கள் அற்பாயுசில் போயின. நல்ல கைத்தேர்ச்சி உள்ளவர், கெட்டதை எடுத்து விட்டு, அதே அளவில் புதியதை ஈயம் வைத்துப் பற்ற வைத்தால் யந்திரம் பிழைத்துக் கொள்ளும்.

மூன்றாவது, பொத்தான் போன்ற ஒரு சின்ன பேட்டரி. தேதியையும் மணியையும் ஞாபகம் வைத்துக் கொள்வது இதுதான். இது தீர்ந்து விட்டால், யந்திரம் விழித்தெழுந்து ஏதோ ஒரு பழைய வருஷத்தைச் சொல்லும்! மிகப் பழைய யந்திரங்களில் வேறு வகை பேட்டரி உண்டு. அது கசிந்து பலகையையே அரித்து விடும்.

நான்காவது ஹார்ட் டிஸ்க். வருஷக் கணக்கில் சுற்றிக் கொண்டிருந்த தகடு, ஒரு நாள் அணைத்து விட்டு மறுபடி போட்டால் சுற்ற மறுக்கலாம். இதற்காகவே நல்ல சர்வர்களில் ஒரே கணக்கைப் பல தகடுகளில் பகிர்ந்து வைக்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றவை சேர்ந்து அதை மீட்டுக் கொடுக்கும்.

கைதேர்ந்தவர்கள் சில விதிகளைக் கடைப்பிடிக்கிறார்கள். பழைய யந்திரத்தில் கை வைக்கு முன் அதிலுள்ள விஷயத்துக்கு வேறிடத்தில் நகல் எடுத்து விடுவார்கள். நீண்ட நாள் தூங்கிய யந்திரத்துக்கு ஒரேயடியாக முழு மின்சாரத்தையும் கொடுக்க மாட்டார்கள்; மயங்கி விழுந்தவருக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுப்பது போல, மின்சாரப் பகுதியைத் தனியே சோதித்து, மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிப் பூமியோடு இணைத்துக் கொள்வார்கள். நம் உடம்பில் தங்கியிருக்கும் மின்சாரம் ஒரு நொடியில் சில்லுகளைக் கெடுத்து விடக் கூடும். உதிரி பாகம் கடையில் கிடைக்காதபோது, அதே ரகத்தில் இறந்து போன இன்னொரு யந்திரத்திலிருந்து எடுத்துப் பொருத்துவார்கள். கண் தானம் மாதிரிதான்!

டாக்டர் ஊரை விட்டுப் போனால்?

நம் தேசத்துக்கே ஒரு தடவை இந்தச் சங்கடம் வந்தது. 1970-களில் இந்தியாவில் இருந்த பெரிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை ஐ.பி.எம். என்ற அமெரிக்கக் கம்பெனியைச் சேர்ந்தவை. அவற்றிலும் பல, 1959-இல் அறிமுகமான '1401' என்ற பழைய ரகம். அங்கே கழித்ததைச் செப்பனிட்டு இங்கே வாடகைக்கு விடுகிறார்கள் என்று அப்போதே புகார் உண்டு. அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியக் கிளையில் தன் பங்கை 40 சதவீதமாகக் குறைத்துக் கொள்ளும்படி அரசாங்கம் சொல்ல, கம்பெனி சம்மதிக்காமல் 1978-இல் நாட்டை விட்டே கிளம்பி விட்டது.

டாக்டர் போய் விட்டார். நோயாளிகளோ நாடு முழுவதும் படுத்திருக்கிறார்கள்! நல்ல வேளையாக, 1975-இலேயே கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்று ஓர் அரசாங்க நிறுவனம் ஏற்பட்டிருந்தது. பெயரைப் பாருங்கள்: கம்ப்யூட்டர் பராமரிப்பு வாரியம் என்று தமிழில் சொல்லி விடலாம். உத்திரமேரூரில் ஏரிக்கு 6 பேரை நியமித்தது போல, தேசம் யந்திரங்களுக்கு ஒரு வாரியத்தை நியமித்தது. ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த எஞ்சினீயர்கள் சிலரும் அதில் சேர்ந்தார்கள். யந்திரங்கள் நிற்காமல் ஓடின.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். பழையதைப் பழுது பார்த்துப் பழகிய இந்த நிறுவனம், 1980-களில் ரயில்வேக்குக் கம்ப்யூட்டர் மூலம் டிக்கெட் முன்பதிவு செய்யும் முறையை உருவாக்கிக் கொடுத்தது. தில்லியில் தொடங்கிய அந்த ஏற்பாட்டின் பலனைத்தான் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நாம் அனுபவிக்கிறோம். ஏரியைப் பார்த்துக் கொண்டவருக்கே பெரிய வாரியம் என்று பராந்தகன் காலத்துச் சபை சொன்னது சும்மாவா? நிறுவனம் 2001-இல் டாடா குழுமத்துக்குக் கைமாறி, 2015-இல் டி.சி.எஸ். கம்பெனியோடு கலந்து விட்டது.

ஓர் அம்மாள் காப்பாற்றிய சந்திரன்

இந்தக் கதையில் பெண்களுக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது! 1966-லும் 1967-லும் அமெரிக்கா ஐந்து விண்கலங்களை அனுப்பிச் சந்திரனைப் படம் பிடித்தது. படங்கள் பெரிய பெரிய காந்த நாடாக்களில் பதிவாயின. நாளடைவில், அந்த நாடாக்களை வாசிக்கும் யந்திரங்கள் உலகத்திலிருந்தே மறையத் தொடங்கின. நாடா இருந்து என்ன பயன்? பூட்டு இருக்கிறது, சாவி இல்லை!

அப்போது நான்ஸி எவன்ஸ் என்ற அம்மாள் அந்த நாடாக்களின் பொறுப்பில் இருந்தார். நாடாக்களை அழிய விடாமல் காத்ததோடு, குளிர்சாதனப் பெட்டி அளவுள்ள பழைய வாசிப்பு யந்திரங்களையும் தேடிப் பிடித்து, தம் வீட்டுக் கார் ஷெட்டில் வருஷக் கணக்கில் வைத்துக் காப்பாற்றினார். வீட்டில் ஒரு பழைய தையல் மெஷினை வைத்துக் கொள்ளவே நாம் எத்தனை பேச்சுக் கேட்கிறோம்! கடைசியில் ஒரு சிறு குழு முன்வந்து, யந்திரங்களைப் பிரித்துச் சுத்தம் செய்து, பாகங்களை மாற்றி ஓட வைத்தது. 2008-இல், சந்திரனின் விளிம்புக்கு மேல் நம் பூமி தெரியும் 1966-ஆம் ஆண்டுப் படம், முன்னைவிடத் துல்லியமாக வெளி வந்தது.

கல்வெட்டை வாசிக்கக் கண்ணும் படிப்பும் போதும். கம்ப்யூட்டரில் எழுதியதை வாசிக்கவோ இன்னொரு யந்திரம் வேண்டும். அதனால்தான் இந்தக் காலத்துக் கணக்கைக் காப்பது என்றால், அந்த யந்திரத்தையும் சேர்த்துக் காப்பது என்றாகிறது. கல்லும் தானாகவே நிலைத்து விடவில்லை. உத்திரமேரூர்ச் சுவரை 1898-இல் தொல்பொருள் துறையினர் படியெடுத்தார்கள். வெங்கையா என்ற அறிஞர் வாசித்து வெளியிட்டார். இன்றும் தொல்பொருள் துறை அந்தக் கோயிலைப் பாதுகாக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் தம் முறையைச் செய்திருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கலாம். அதற்குள்ளே பெண்ணின் கல்யாணப் படங்களும், காலமான மாமனாரின் குரலும் இருக்கலாம். சரஸ்வதி பூஜைக்கு வழக்கம் போலச் சந்தனமும் குங்குமமும் வையுங்கள், காற்றுத் துவாரத்தில் மாத்திரம் படாமல்! அதற்கு முந்தின நாள், விவரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து தூசு தட்டச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதைப் புதிய தகட்டில் ஒரு நகலும், அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்க இன்னொரு நகலும் எடுத்துக் கொள்ளுங்கள். அடுத்த வருஷம் அதே நாளில் இதைப் பார்க்க வேண்டியவர் யார் என்பதையும் அப்போதே முடிவு செய்து விடுங்கள். தகராறு வந்தால் ஒரு குடமும் நாலு ஓலைச் சீட்டும் போதும். இந்தத் தடவை எல்லோர் பெயரையும் போடுங்கள். வீட்டு ஆண்களின் பெயரையும் சேர்த்துத்தான்!