காகிதத்தில் ஓடும் கம்ப்யூட்டர்

பிள்ளைக்கு பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைத்துவிட்டால் வீட்டில் அடுத்த பேச்சு லேப்டாப் பற்றித்தான். எந்தக் கம்பெனி, எத்தனை ஜிபி ரேம் என்று அக்கம்பக்கமெல்லாம் விசாரணை நடக்கும். கல்லூரி திறந்ததும் அந்தப் பிள்ளை சுமந்து போவதோ படம் வரையும் டிராஃப்டரை. முதலாண்டு முழுக்கக் கணக்கு, இயற்பியல், வேதியியல், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். இடையில் கொஞ்சம் புரோகிராமிங். கூம்பை வெட்டினால் வரும் வடிவத்தை வரைந்து வரைந்து அழிக்கும்போது, "இதுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காத மாணவரை நான் பார்த்ததில்லை. நானும் கேட்டவன்தான்.

பிறகு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், டிபிஎம்எஸ், அல்காரிதம், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் என்று துறைப் பாடங்கள் வரிசை கட்டும். இனி எந்நேரமும் கணினி முன்னால்தான் என்று நினைத்தால் அதுவும் இல்லை. லேப் வாரத்துக்குச் சில மணி நேரம். மிச்சமெல்லாம் கரும்பலகையும் நோட்டும். நிரல் எழுதிப் பிழைக்கிறவனான பிறகு யோசித்துப் பார்க்கிறேன்: அந்தப் படிப்பில் எனக்கு நிலைத்தவை பெரும்பாலும் காகிதத்தில் கற்றவைதான்.

லிங்க்டு லிஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாகச் சில கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அடுத்ததைக் காட்டும் அம்புக்குறி. நடுவில் ஒரு புதுக் கட்டத்தைச் செருக வேண்டும். புதுக் கட்டத்தின் அம்பை முதலில் அடுத்த கட்டத்துக்கு விட்டு, பிறகுதான் பழைய அம்பைத் திருப்ப வேண்டும். முன்பின் மாறினால் பின்னால் இருக்கும் கட்டங்கள் அத்தனையும் கைவிட்டுப் போய்விடும். நிரலில் இது இரண்டே வரி. பென்சிலால் அம்பு போட்டு அழித்தவருக்கு அந்த இரண்டு வரியின் வரிசை மறக்காது. "டிரை ரன் போட்டுப் பாரு" என்று ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். இயந்திரம் செய்யப்போவதை வரிவரியாக நாமே செய்து பார்ப்பது.

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் ஒரு கணக்கு உண்டு. மெமரியில் மூன்று பக்கங்களுக்குத்தான் இடம். நான்காவது வந்தால், முதலில் வந்தது வெளியேற வேண்டும். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்கள் கேட்கப்படுகின்றன. கேட்ட பக்கம் மெமரியில் இல்லாமல் போவது எத்தனை முறை? கட்டம் போட்டு நிரப்பினால் 9 வரும். சரி, இடத்தை நான்காக்கினால் குறைய வேண்டுமே? நிரப்பிப் பாருங்கள், 10 வரும். எங்கோ பிசகிவிட்டது என்று திரும்பப் போட்டாலும் அதே 10. ஐபிஎம்மில் இருந்த லாஸ்லோ பெலாடி சக ஆய்வாளர்களுடன் 1969இல் எழுதிய முரண் இது. வெகுநேரம் தொடாத பக்கத்தை வெளியேற்றும் எல்ஆர்யூ முறையில் இந்தக் கோளாறு வராது. மெமரியைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை அரைப் பக்கக் கணக்கு ஒன்று உடைத்துவிடுகிறது.

கம்ப்யூட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் படிப்பா என்று சிரிக்க வேண்டியதில்லை. இந்தத் துறை பிறந்ததே அப்படித்தான். எந்த நிரலும் நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொதுவழி கிடையாது என்பதற்கு ஆலன் டூரிங் 1936இல் வித்திட்டபோது, இன்று நாம் சொல்லும் கணினியே இல்லை. மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் அல்காரிதத்தை 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து, சுமார் 20 நிமிடத்தில், காகிதம்கூட இல்லாமல் யோசித்ததாகக் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அது அவ்வளவு எளிமையாக அமைந்ததற்கு எழுதுபொருள் இல்லாததும் ஒரு காரணம் என்பது அவர் கருத்து.

காகிதத்தில் போட்டுப் பார்க்கும் இந்த நல்ல பழக்கத்தை நம் தேர்வுமுறை பாதி கெடுத்துவிடுகிறது. என் காலத்தில் மூன்று மணி நேரத் தாளில் பத்து டூ மார்க், ஐந்து சிக்ஸ்டீன் மார்க். உள்ளூர் ஆசிரியர்கள் எழுதும் லோக்கல் ஆதர் புத்தகத்தில் இருக்கும் பக்கக் கணக்கு அட்டவணையை அப்படியே உருப்போட்டு எழுதினாலும் முழு மதிப்பெண். தானே நிரப்பி எழுதினாலும் அதேதான். வித்தியாசம் தெரிவது லேப் தேர்வில்தான். சீட்டுக் குலுக்கி எடுத்த நிரல் ஓடி அவுட்புட் வந்த பிறகும், வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் ஒரு வரியில் விரல் வைத்து "இதை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்பார். உருப்போட்டவர் அங்கே திணறுவார்.

இன்று ஏஐ நொடியில் நிரல் எழுதித் தருகிறது. அப்புறம் இதையெல்லாம் எதற்குப் படிப்பது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அது தரும் நிரல் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். லிஸ்ட் காலியாக இருந்தால் என்ன ஆகும், ஒரே கட்டம் இருந்தால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எக்ஸ்டர்னல் கேட்ட அதே கேள்வியை இனி நாம் இயந்திரத்தின் நிரலிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தம்பி, தங்கைகளே, அடுத்த செமஸ்டருக்கு விடையை உருப்போடுவதற்கு முன் ஒரே ஒரு முறை கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சி, ஜாவா, பைத்தான் என்று மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும், தேவைப்படும்போது கற்றுக்கொள்ளலாம். நான்கு ஆண்டுகளில் கைவர வேண்டியது, ஒரு நிரலை ஓட்டுவதற்கு முன்பே அது என்ன செய்யும் என்று சொல்லும் பழக்கம்.