எரிந்து எழுந்த நகரும் கடலடிப் பாதையும்

நோர்வேக்கு வந்த எங்களிற் பலருக்கு இந்த நாடு என்றால் வீடு, வேலைத்தலம், மொழி வகுப்பு, கடை என்ற நான்கு இடங்கள்தான். மீன் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்யும் நாங்கள் நான்கு குடும்பத்தினர், சென்ற கோடை விடுமுறையில் மேற்குக் கரையிலுள்ள ஓலசுண்ட் நகரையும் அதனருகே உள்ள தீவுகளையும் பார்க்கப் புறப்பட்டோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினாறு பேர், இரண்டு வான்கள். புட்டும் மாசிச்சம்பலும் கட்டிக்கொண்டோம்.

நகரின் நடுவே அக்ஸ்லா என்ற குன்று. உச்சிக்கு 418 படிகள். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே ஓடிவிட்டார்கள். நாங்கள் மூச்சு வாங்க ஏறினோம். மேலே நின்று பார்த்தால் தீவுகளின் மேலேயே நகரம் பரந்து கிடப்பது தெரியும். கூரான கோபுரங்களும் பூவேலைச் சுவர்களுமாகக் கல் வீடுகள், எல்லாம் ஒரே காலத்தவை. அதற்குக் காரணம் ஒரு தீ.

1904 ஜனவரி 23ஆம் திகதி இரவு, இங்கிருந்த தகர உணவுத் தொழிற்சாலை ஒன்றில் தீ பிடித்தது. அன்று புயற்காற்று. வீடுகள் மரத்தாலானவை. ஏறக்குறைய 850 வீடுகள் எரிந்தன. பத்தாயிரம் பேர் உறைபனிக் குளிரில் தெருவுக்கு வந்தார்கள். இறந்தவர் ஒருவர்தான். யேர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம் கப்பல்களில் உணவும் மருந்தும் அனுப்பினார். அவர் பெயரில் இன்றும் ஒரு தெரு உண்டு. இனிக் கல்லாலேயே கட்டுவது என்று முடிவு செய்து, 1907ஆம் ஆண்டளவில் நகரின் பெரும்பகுதியை எழுப்பிவிட்டார்கள்.

இதைக் கேட்டதும், எங்களுடன் வந்திருந்த மாமி, “மூண்டு வருசத்திலயோ கட்டினவை?” என்றார். சற்றுப் பொறுத்து, “நாங்கள் தொண்ணூற்றைஞ்சில விட்டிட்டு வந்த வீடு இன்னும் கூரையில்லாமல்தானே நிக்குது” என்றார். எங்களில் ஒருவர் சொன்னார்: “மாமி, இவையின்ர வீடுதான் எரிஞ்சது. காணி இவையிட்டத்தானே இருந்தது. விடிஞ்சதும் அந்த மண்ணிலயே திரும்பி நிண்டவை.” அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இறங்கும்போது மாமி ஒவ்வொரு வீட்டையும் நின்று பார்த்தபடி வந்தார்.

துறைமுகப் பக்கம் போனால் எங்களுக்குத் தெரிந்த வாசனை. கொட் மீனைப் பிளந்து, உப்பிட்டு, உலர்த்தும் ‘கிளிப்பிஸ்க்’ இந்நகரின் பெரிய வியாபாரம். போர்த்துக்கல், பிறேசில் வரை போகிறது. முன்பு பாறைகளில் பரப்பிக் காய வைத்தார்களாம். எங்கள் கருவாட்டின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சிரித்துக்கொண்டோம்.

மறுநாள் தீவுகளுக்கு. குறிகட்டுவானில் வள்ளம் ஏறிப் பழகிய எங்களுக்கு, கடலுக்குக் கீழால் தீவுக்குப் போவது புதினமாக இருந்தது. 1987இல் திறந்த இரண்டு சுரங்கப் பாதைகள் எல்லிங்சோய் தீவு வழியாக வால்டெரோய் தீவுக்குக் கொண்டுபோகின்றன. அங்கிருந்து பாலத்தால் யிஸ்கே தீவு. அங்கே 12ஆம் நூற்றாண்டில் சலவைக்கல்லால் கட்டிய சிறு தேவாலயம் இருக்கிறது. அப்பால் கோடோய் தீவுக்கு இன்னொரு சுரங்கம்; 1989இல் திறந்தது, கடல்மட்டத்துக்கு 153 மீற்றர் கீழே இறங்குகிறது. “எங்களுக்கு மேல கப்பல் போகுமா?” என்று பிள்ளைகள் கேட்க, மாமி கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டார்.

அத்தீவின் கோடியில் அல்னெஸ் என்ற மீனவர் கிராமம். 1936இல் மரத்தால் கட்டிய வெளிச்சவீடு, வெள்ளையில் சிவப்புப் பட்டிகளுடன் நிற்கிறது. அதன் அருகே புல்லில் இருந்து புட்டைப் பிரித்தோம். பக்கத்தில் இருந்த நோர்வேக் குடும்பம் எட்டிப் பார்த்தது, கொடுத்தோம். சம்பலில் கண் கலங்கினாலும் மிச்சம் வைக்கவில்லை. எங்கள் பிள்ளைகள்தான் இரு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தார்கள். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் நாங்களும் அன்று சில வசனம் பேசினோம்.

புதிதாக வந்திருப்பவர்கள் செலவுக்குப் பயந்து வீட்டோடு இருந்துவிடாதீர்கள். நாலு குடும்பம் சேர்ந்தால் வான் வாடகை சுருங்கிவிடும். சாப்பாட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். கோடையிலும் காற்றுக்கு ஒரு தடித்த மேலங்கி வேண்டும். வயதானவர்களையும் கூட்டிப் போங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளைப் பிள்ளைகள் கேட்க வேண்டும்.