படகுக்கு எத்தனை குடம் பாரம்?

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போய் துடுப்புப் படகில் ஏறியவர்களுக்கு இது நினைவிருக்கும். கிளம்புவதற்கு முன் படகோட்டி ஆட்களை இடம் மாற்றி உட்கார வைப்பார். "கனமானவங்க நடுவுல வாங்க, யாரும் எந்திரிக்காதீங்க" என்பார். சும்மா மிரட்டுகிறார் என்று தோன்றும். ஆனால் அவர் பார்ப்பது கப்பல் கட்டுபவர்கள் பார்க்கும் அதே கணக்கைத்தான்: எடையை எங்கே வைத்தால் படகு கவிழாது?

இப்படி வைக்கும் எடையை ஆங்கிலத்தில் பேலஸ்ட் என்பார்கள். இங்கே அடிபாரம் என்று வைத்துக்கொள்வோம். பாய் கட்டிய படகுக்கு இது ரொம்ப முக்கியம். காற்று பாயைத் தள்ளும்போது படகு சாயும். அடியில் இருக்கும் எடை அதை நிமிர்த்தும். தஞ்சாவூர் பொம்மையைத் தட்டினால் எழுந்து நிற்கிறதே, அதே விஷயம்தான்.

பெரிய படகில் ஈயத்தையோ இரும்பையோ அடியில் நிரந்தரமாகப் பொருத்திவிடலாம். சிக்கல் சின்னப் படகில்தான். டிரெய்லரில் ஏற்றி கார் இழுத்துப் போகும் படகாக இருந்தாலும் சரி, தேவனாம்பட்டினம், தாழங்குடா மாதிரி திறந்த கடற்கரையில் கையால் மணலில் ஏற்றும் படகாக இருந்தாலும் சரி, கடலில் காப்பாற்றும் எடை கரைக்கு வந்ததும் வெறும் சுமை. அதனால்தான் ஈயத்துக்குப் பதில் வேறு என்ன வைக்கலாம் என்று உலகம் முழுக்க ஆட்கள் சோதனை செய்து பார்க்கிறார்கள்.

100 கிலோ அடிபாரம் வேண்டும் என்று வைத்துக்கொண்டு, 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தால் அளந்து பார்க்கலாம். ஈயம் என்றால் அரைக் குடத்துக்குக் கொஞ்சம் மேல். வார்ப்பிரும்பு கிட்டத்தட்ட ஒரு குடம். கருங்கல் இரண்டரைக் குடம். கான்கிரீட் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. காய்ந்த மணல் நான்கு குடத்துக்கு மேல். தண்ணீர் ஏறக்குறைய ஏழு குடம்! எடை ஒன்றுதான், ஆனால் இடம் பெருகப் பெருக அது மேலே ஏறிவிடும். மேலே ஏறிய எடையால் நிமிர்த்தும் பலம் குறையும்.

அப்படியானால் இரும்புதான் நல்லதா? சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தினார். சேலம் பக்கத்துத் தாதுவை மரக்கரியில் உருக்கி, இரும்புக் கட்டிகளைக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பலுக்கு இரும்புக் கட்டி சரக்காகவும் ஆகும், அடிபாரமாகவும் ஆகும். ஆனால் உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும். செலவு குறையுமே என்று பழைய இரும்பைக் கான்கிரீட்டில் புதைத்தாலும் தப்பிக்க முடியாது. ஈரம் உள்ளே போனால் துரு பருத்து கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். ஈயம் துருப்பிடிக்காதுதான், ஆனால் பழைய பேட்டரி ஈயத்தை வீட்டில் உருக்குவது நஞ்சைச் சுவாசிப்பதற்குச் சமம்.

மணல் மூட்டைக்குக் காசே வேண்டாம். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் கொட்டிவிடலாம். பயம் என்னவென்றால், படகு சாயும்போது மூட்டையும் அதே பக்கம் சரியும். காப்பாற்ற வேண்டிய எடையே கவிழ்த்துவிடும். கட்டாமல் போட்ட மூட்டையை விட மூட்டை இல்லாமலே போவது மேல்.

தண்ணீரையே வைத்தால் என்ன? அமெரிக்காவில் மேக்கிரிகர் 26 என்ற டிரெய்லர் படகில் அதைத்தான் செய்தார்கள். கடலில் இறக்கியதும் அடியில் உள்ள தொட்டி நிரம்பும். அரை டன்னுக்கும் மேல் தண்ணீர். கரையேற்றும்போது திறந்துவிட்டால் காலி. ஒரே நிபந்தனை, தொட்டி முழுக்க நிரம்பியிருக்க வேண்டும். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றிப் படுக்கவைத்து ஆட்டிப் பார்த்தால் காரணம் புரியும். தண்ணீர் பள்ளமான பக்கம் ஓடும். அரைத் தொட்டித் தண்ணீரும் அவிழ்ந்த மணல் மூட்டையும் ஒன்றுதான்.

கடைகளில் யாரும் சொல்லாத இன்னொரு கணக்கும் உண்டு. படகுக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால் என்ன ஆகும்? நீருக்குள் 100 கிலோ ஈயம் 91 கிலோவாக இருந்து கீழே இழுக்கும். இரும்பு 86, கருங்கல் 63. தண்ணீர்? பூஜ்யம்! அதனால் ஈயமோ இரும்போ கல்லோ வைப்பவர்கள், அந்த எடையைத் தாங்கும் அளவுக்குக் காற்றறையோ தெர்மோகோல் மாதிரி நுரைப்பொருளோ படகில் அடைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கக்கூட வழியிருக்காது.

சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இந்தக் கேள்வியையே வேறு மாதிரி தீர்த்தது. சேர்த்துக் கட்டிய லேசான மரங்கள், மூழ்குவதற்கு உள்ளே இடமே கிடையாது. அலை மேலே ஏறி வழிந்துவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயப்போடலாம். இன்னும் தெற்கே, பாக் நீரிணைப் பக்கத்துப் படகுகளில் குறுக்கே நீண்ட பலகை போட்டு, காற்று வரும் பக்க நுனியில் ஆள் உட்கார்ந்ததை ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் எழுதி வைத்திருக்கிறார். கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். படகு 20 டிகிரி சாய்ந்திருக்கும்போது, நடுவிலிருந்து 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்த 60 கிலோ ஆள் செய்யும் வேலையை, அரை மீட்டர் ஆழத்தில் இருக்கும் எடை செய்ய வேண்டுமானால் அது 650 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும்! கரைக்கு வந்ததும் இந்தப் பாரம் தானே இறங்கிப் படகையும் சேர்ந்து இழுக்கும். ஆனால் காற்று சட்டென்று நின்றால் அந்த ஆள் உடனே உள்ளே வந்துவிட வேண்டும். கண் அசந்தால் போச்சு.

ஆக, எடுத்து இறக்கக்கூடிய பாரம் எல்லாமே நகரக்கூடிய பாரம்தான். எந்தப் பொருள் என்பதை விட அது கட்டப்பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சோதனை செய்ய நடுக்கடலுக்குப் போக வேண்டாம். காற்றில்லாத நாளில், இடுப்பளவு தண்ணீரில், கூட நாலு பேரை வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத படகின் பாய்மர உச்சியில் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துவிட்டுப் பாருங்கள். தானே நிமிர்கிறதா? உள்ளே ஏதாவது நகர்ந்ததா? அப்புறம் படகுக்குள் தண்ணீரை நிரப்பி, மிதக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டிலும் பாஸ் ஆகாத படகைக் கடலில் இறக்க வேண்டாம். லைஃப் ஜாக்கெட் இரண்டுக்கும் பொது.