காலியாகக் கிடந்த கட்டில்கள்

2020 ஏப்ரல் மாசத்தில் எங்கள் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் பாதிக்கு மேல் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. அந்தக் கட்டில்களை ஷிப்டுக்கு மூன்று தடவை ஹைப்போ தண்ணீரில் துடைத்தவள் நான்.

2012லிருந்து அங்கே கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறேன். பெருக்குவது, துடைப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ரத்தத்தையும் வாந்தியையும் அள்ளுவது எல்லாம் எங்கள் வேலை. முப்பது வயசிலேயே எல்லாருக்கும் நான் ‘ஆயா’ ஆகிவிட்டேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறவர்கள் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சாதாரண நாளில் நைட் டூட்டி என்றால் உட்கார நேரம் இருக்காது. ஹைவேயில் அடிபட்டவர்கள், பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர்கள், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, வலிப்பு வந்த குழந்தைகள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். புருசங்கிட்ட அடி வாங்கிட்டு ‘வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொல்கிற பெண்களும் வருவார்கள். உசுருக்கு ஆபத்தா இருந்தா சிவப்பு, அதுக்கடுத்து மஞ்சள், காத்திருக்கலாம்னா பச்சை. இப்படிப் பிரித்துத்தான் உள்ளே தள்ளுவோம்.

2020 மார்ச் 24ஆம் தேதி சாயங்காலம் பஸ் நின்றது. நள்ளிரவில் நாடே ஊரடங்கு. வண்டி ஓடவில்லை, அதனால் விபத்து குறைந்தது. அது புரிகிறது. நெஞ்சுவலி எங்கே போனது? பக்கவாதம் எங்கே போனது? பாம்பும் ஊரடங்குக்கு அடங்கி வளைக்குள் படுத்துக்கொண்டதா?

“காத்து சுத்தமாயிடுச்சு, டென்சன் இல்ல, வெளிச் சாப்பாடு இல்ல. ஜனங்க ஆரோக்கியமா இருக்காங்க” என்று ஒரு சின்ன டாக்டர் சொன்னார். நல்ல பையன்தான். அவர் நோயாளிகளைக் கட்டிலில் மட்டும்தான் பார்த்தவர். அவர்கள் எங்கே கிடந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் கிடந்தார்கள்.

எங்கள் சேரிக்குப் போகிற தார் ரோடு ஊருக்குள் புகுந்துதான் வருகிறது. கொரோனா வந்ததும் ஊர்க்காரர்கள் வேலிமுள்ளை வெட்டிப் போட்டு எல்லையை மறித்தார்கள். அவர்களுக்குக் கழனிப் பக்கமாக இன்னொரு வழி உண்டு. எங்களுக்குக் கிடையாது. டூட்டிக்குப் போக முள்ளைத் தாண்டி நடந்து, பால் வண்டியை நிறுத்தி ஏறிப் போவேன். “ஆஸ்பத்திரியில வேல செய்யிறவ, நோயக் கொண்டாந்து உட்ருவா” என்று என் காதுபடவே பேசினார்கள்.

ஏப்ரல் நடுவில் ஒரு ராத்திரி எங்கள் பெரிப்பாவுக்கு நெஞ்சுவலி. வியர்த்து ஊத்தியிருக்கிறது. 108க்குப் போன் போட்டார்கள். வண்டி வந்தது, முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றது. பைலட் இறங்கி வந்து கெஞ்சினாராம். “விடியட்டும், பெரியவங்க வந்து சொல்லட்டும்” என்றார்களாம். நாலு பிள்ளைகள் பெரிப்பாவைக் கயித்துக்கட்டிலோடு தூக்கிக்கொண்டு வாய்க்கால் வரப்பு வழியாக மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். வண்டி சுற்றிக்கொண்டு அங்கே வந்தது. நான் அன்று நைட் டூட்டி. ஸ்ட்ரெச்சரைப் பிடித்து இழுத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். இ.சி.ஜி.யில் கோடு நேராகப் போனது. ‘வரும்போதே இறந்திருந்தார்’ என்று எழுதினார்கள். மாரடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி அந்த ரூமிலேயே இருந்தது. எத்தனை சீக்கிரம் போடுகிறோமோ அத்தனைக்கு இதயம் தப்பும். பெரிப்பாவைக் கொன்றது கொரோனா இல்லை. அதனால் எந்தக் கணக்கிலும் அவர் பெயர் இல்லை.

கரும்பு வெட்டப் போன ஒரு பெண்ணைக் கண்ணாடி விரியன் கடித்தது. ரெண்டு நாள் கழித்துத்தான் கொண்டு வந்தார்கள். பஸ் இல்லை. ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசில்லை, கூலி நின்று மூன்று வாரம். அதைவிடப் பெரிசு பயம். “ஆசுபத்திரிக்குப் போனா கொரோனான்னு புடிச்சு வெச்சுக்குவாங்க, செத்தா பொணத்தக்கூட கண்ணுல காட்ட மாட்டாங்க” என்று அவள் மாமியார் சொன்னாள். மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். ரத்தத்தைக் கண்ணாடி டியூபில் எடுத்து 20 நிமிசம் வைத்துப் பார்த்தார்கள், உறையவில்லை. மூத்திரம் நின்று போயிருந்தது. விசமுறிவு ஊசியும் டயாலிசிஸும் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்தாள், ஆனால் முழு ஆளாக இல்லை. முதல் நாளே வந்திருந்தால் கிட்னி கெடாமல் தப்பித்திருக்கலாம்.

இது எங்கள் ஆஸ்பத்திரிக் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 2019 ஏப்ரலில் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் சுமார் 21 லட்சம் பேர். 2020 ஏப்ரலில் 9 லட்சத்துச் சொச்சம். அமெரிக்காவில் 2020 மார்ச் 29இலிருந்து ஏப்ரல் 25 வரை வரவு 42 சதவீதம் குறைந்தது. தேசிய அவசரநிலை அறிவித்த பிறகான பத்து வாரத்தில் மாரடைப்புக்காக வந்தவர்கள் மட்டும் 23 சதவீதம் குறைந்தார்கள் என்று அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையமே எழுதியது. மாரடைப்பு குறையவில்லை, வருவதுதான் குறைந்தது என்று அங்கேயும் பயந்தார்கள். அங்கே ஜனங்களைத் தடுத்ததில் பெரும்பங்கு நோய்ப் பயம். இங்கே பயத்தோடு பசி சேர்ந்தது, பஸ் இல்லாதது சேர்ந்தது, முள்ளுவேலி சேர்ந்தது. ஜூனில் கொஞ்சம் ஓடி, ஜூலையில் மறுபடி நின்ற பஸ் செப்டம்பர் 1ஆம் தேதிதான் மாவட்டத்துக்குள் ஓடியது. கார் வைத்திருந்தவனுக்கு இந்தத் தேதிகள் ஞாபகம் இருக்காது.

‘சமூக இடைவெளி’ என்று ஊரெல்லாம் போர்டு வைத்தார்கள். நோய்க்கு வேண்டியது ஆறடி தூரம். சமூகத்தில் இடைவெளி எதுக்கு? அது எங்களுக்குப் புதுசா என்ன? தொடாதே, கிட்ட வராதே, எட்டி நில் என்பதை எங்க பாட்டன் காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். 2020இல் அதுக்கு மருத்துவப் பெயர் கிடைத்ததும் பழைய ஆட்களுக்கு வசதியாகிவிட்டது.

2021 மே மாசம் எல்லாம் தலைகீழானது. மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டியது. ஆம்புலன்ஸ்கள் எங்கள் கேட்டில் வரிசையாக நின்றன. வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் காலியாவது என்றால் ஒருத்தர் சாவது என்று அர்த்தம். பிணத்தைச் சுற்றிக் கட்டினது நாங்கள். கை தட்டி மரியாதை செய்தது 2020 மார்ச்சில் ஒரு நாள். அந்தக் கைதட்டலில் எங்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள். கவச உடையில் மட்டும் எங்கள் பங்கு கடைசியில்தான் வந்தது. அந்த மாசத்திலும் விரியன் கடித்தது, நெஞ்சு வலித்தது. முதல் அலையில் அவர்கள் வரமுடியாமல் செத்தார்கள், இரண்டாம் அலையில் வந்தும் இடமில்லாமல் செத்தார்கள்.

2020, 2021 இரண்டு வருசத்திலும் இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் 47 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. அரசு சொன்ன கொரோனாச் சாவு 4 லட்சத்து 81 ஆயிரம். அரசு அந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. உலக நிறுவனம் நோயால் செத்தவர்களோடு, நோய்க்காலத்தில் வைத்தியம் கிடைக்காமல் செத்தவர்களையும் சேர்த்து எண்ணப் பார்த்தது. எங்க பெரிப்பா மாதிரி ஆட்கள் இருக்கிற ஒரே கணக்கு அதுதான்.

1897இல் புனே பக்கம் பிளேக் வந்தபோது சாவித்திரிபாய் புலே என்ன செய்தார்? மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமில் உட்கார்ந்து நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பிளேக் கண்ட ஒரு மகர் சிறுவனை முதுகில் தூக்கிக்கொண்டு போனார். அந்த நோய் ஒட்டி மார்ச் 10ஆம் தேதி செத்தார். அதே 1897இல் வெள்ளைக்காரன் கொள்ளைநோய்ச் சட்டம் போட்டான். 2020இல் தூசி தட்டி எடுத்தது அந்தச் சட்டத்தைத்தான். சாவித்திரிபாய் தூக்கிப் போன அந்த வழியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. நல்ல காரியம், மறுக்கவில்லை. நடு ராத்திரி நெஞ்சுவலிக்கு மாத்திரைப் பை போதாது.

கேட் திறந்திருந்தால் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. அது எங்கள் தெருமுனையிலிருந்து திறந்திருக்க வேண்டும். அடுத்த கொள்ளைநோய் எப்போ வரும் என்று யாருக்கும் தெரியாது, வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குள் ஊரைத் தொடாமல் சேரிக்குத் தனி ரோடு வேண்டும், 108 உள்ளே வந்து திரும்புகிற அகலத்துக்கு. ஆம்புலன்சை மறிக்கிறவன் மேல் வழக்கு வேண்டும், அவன் எந்தச் சாதியானாலும். பஸ்ஸை நிறுத்தினால் அன்றைக்கே காலனிக்கு ஒரு வண்டி ஒதுக்க வேண்டும். வீட்டில் செத்தவர்களையும் எண்ண வேண்டும். இதையெல்லாம் மனுவாக எழுதிக் கலெக்டர் ஆபீசில் கொடுத்திருக்கிறோம். ரசீது கையில் இருக்கிறது. ரோடு இன்னும் வரவில்லை.