முழங்கால் ஆழக் கடல்

மார்ச் 1, 2025, சனி

கொல்லையில் குளம் வெட்டுவது என்று முடிவாகிவிட்டது. மீன் வளர்க்க அல்ல, மாதிரிப் போர்க்கப்பல்களைச் சண்டைக்கு விட. 1970களின் கடைசியில் இதே டெக்சஸில் தொடங்கிய விளையாட்டு இது. அசல் கப்பலில் 144இல் ஒரு பங்கு அளவில் கப்பல் செய்து, உள்ளே கார்பன் டை ஆக்சைடு உருளையும் துப்பாக்கிக் குழலும் பொருத்தி, ரிமோட்டில் ஓட்ட வேண்டும். 4.5 மி.மீ. எஃகுக் குண்டுகளால் எதிரிக் கப்பலை ஓட்டை போட்டு உண்மையாகவே மூழ்கடிக்க வேண்டும். கப்பலின் பக்கங்கள் 0.8 மி.மீ. பால்சா மரத்தகடுதான், குண்டு பட்டால் துளைத்துக்கொண்டு போய்விடும்.

ஏரியில் விளையாடினால் மூழ்கிய கப்பலைச் சேற்றுக்குள் காலால் துழாவித் தேட வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் உழைத்துச் செய்த கப்பல் அப்படித் தொலையக் கூடாது.

"ஏங்க, பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து விழுந்துட்டா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. 24 அங்குலத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் நீச்சல் குளமாகக் கருதி வேலி கேட்கும் விதி இங்கே பல ஊர்களில் உண்டு. நாங்கள் 20 அங்குலத்தோடு நிறுத்தப்போகிறோம். ஆனாலும் முதலில் வேலியும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும், பிறகுதான் மண்வெட்டி.

மார்ச் 5, புதன்

தோண்டும் முன் நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரச் சொல்லும் 811 எண்ணுக்குச் சொல்லியிருந்தேன். ஆள் வந்து புல்லின் மேல் மஞ்சளில் எரிவாயுக் குழாய்க்கும் சிவப்பில் மின்கம்பிக்கும் கோடு போட்டுவிட்டுப் போனார். இந்த நாட்டில் காசில்லாமல் கிடைக்கும் மிக உருப்படியான சேவை இது. எரிவாயுக் கோடு வேலியை ஒட்டியே போகிறது. குளத்தை நாலடி உள்ளே தள்ளிக் குறித்தோம். 30 அடி நீளம், 20 அடி அகலம்.

மார்ச் 8, சனி

சின்ன மண்வாரி இயந்திரம் வாடகைக்கு வந்தது. டாலஸ் பக்கத்துக் கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வெறும் மண்ணில் தண்ணீர் தங்கும் என்று நம்ப முடியாது; ரப்பர் விரிப்பு கட்டாயம். மீன் குளம்போல் கரையைச் சரிவாக விடவில்லை, கப்பல் ஓரத்தில் தரைதட்டி நின்றுவிடும். சுவர் கிட்டத்தட்ட செங்குத்து. வெட்டிய மண்ணை வேலிப் பக்கம் மூன்றடி மேடாக ஏற்றினோம், தப்பிய குண்டுகள் அதில் புதைய வேண்டும் என்று.

மார்ச் 15, சனி

கும்பகோணத்திலிருந்து மாமா வந்திருக்கிறார். ஆயுள் முழுக்க வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். கரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மாப்பிள்ளை, கலிங்கு எங்க?" என்றார்.

பிறகு தோட்டக் கடையிலிருந்து நிறமற்ற பிளாஸ்டிக் குழாய் வாங்கிவரச் சொன்னார். அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் மகளிடம் கொடுத்து, மறுமுனையோடு அடிக்கொரு முளை அடித்துக்கொண்டே கரையைச் சுற்றினார். குழாய்க்குள் நீர் ஆடி அடங்கும்வரை மூச்சு விடாமல் பார்ப்பார். அடங்கியதும் முளையில் பென்சிலால் ஒரு கோடு. வடகிழக்கு மூலை ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது. "இங்கயே வழியவிடு. வீட்டுப் பக்கம் வழிஞ்சா அஸ்திவாரத்துல இறங்கும்." உபரிநீர் வழியும் கலிங்கு அங்கேயே அமைந்தது. இந்தக் குளத்தில் நடந்த நல்ல வேலைகளில் இதற்குத்தான் முதலிடம்.

மார்ச் 22, சனி

அடியில் கம்பளித் துணி, மேலே ரப்பர். தண்ணீர் சுமார் 28,000 லிட்டர். குளோரமைன் முறிக்கும் மருந்து கலந்தாயிற்று. கொசுவுக்காக இந்த மண்ணுக்கே சொந்தமான கம்பூசியா மீன்களை அடுத்த வாரம் விட வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு

மகளின் எம்டன் மிதந்தது. அசல் எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பல். உயர் நீதிமன்ற வளாகத்தில் அதற்கான கல்வெட்டை அவள் பார்த்திருக்கிறாள். அதனால்தான் இந்தத் தேர்வு. 118 மீட்டர் கப்பல் எங்கள் கணக்கில் 82 செ.மீ. நீளத்தை 144ஆல் வகுத்தால் எடையை 144இன் கனத்தால் வகுக்க வேண்டும். 3,664 டன் வெறும் 1.2 கிலோவாகிவிடுகிறது. அதற்குள் பாட்டரி, மோட்டார், உருளை, பம்ப், துப்பாக்கி எல்லாம் அடங்க வேண்டும். ஒவ்வொரு திருகாணியையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தே சேர்த்தாள். வேகத்துக்கு 144இன் வர்க்கமூலம், 12. 23.5 நாட் என்பது விநாடிக்கு ஒரு மீட்டர்.

ஏப்ரல் 12, சனி

முதல் சண்டை. பக்கத்துத் தெரு நண்பர் இந்த விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் கொண்டுவந்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி, 97 செ.மீ. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் எம்டனை வீழ்த்திய அதே கப்பல். அன்று பத்து கிலோமீட்டர் அளவில் சுடத் தொடங்கினார்கள். அது எங்கள் அளவில் 65 மீட்டருக்கு மேல். இந்தக் குளத்தில் ஒன்றிரண்டு மீட்டரில்தான் எல்லாம்.

கரையில் நின்ற அனைவருக்கும், மாமாவுக்கும் சேர்த்து, பாதுகாப்புக் கண்ணாடி.

எம்டன் முதலில் நன்றாகவே ஆடியது. திரும்பும் வட்டம் சின்னது. சிட்னியின் பின்புறம் புகுந்து இரண்டு ஓட்டை போட்டாள். பிறகு சிட்னி பக்கவாட்டில் நெருங்கிச் சுட்டது. பால்சா உடையும் சத்தம் தனியாகக் கேட்கும். எம்டனின் பம்பிலிருந்து நூலாக வந்த நீர் விரல் கனமாயிற்று, மேல்தளம் நனைந்தது, பின்பக்கம் அமிழ்ந்தது. கயிற்றில் கட்டிய ஆரஞ்சு மிதவை மட்டும் மேலே நின்றது. அவளே முழங்கால் நீரில் இறங்கி ஒரே எட்டில் எடுத்துவந்தாள்.

ஓட்டைகளை எண்ணினோம். நீர்க்கோட்டுக்கு மேலே பட்டால் 10 புள்ளி, கோட்டில் 25, கீழே 50. எம்டனில் கீழே மூன்று. உலர்த்தி, ஒட்டுப் போட்டு, மாலையிலேயே மறுபடி இறக்கினாள். அடியில் கிடந்த குண்டுகளைக் கயிற்றில் கட்டிய காந்தத்தால் வாரியெடுத்தோம். விட்டுவைத்தால் துருப்பிடித்து விரிப்பில் கறை ஏறும்.

இப்படி ஒரு குளம் வெட்ட நினைப்பவர்களுக்கு: ஆழத்தை முழங்காலோடு நிறுத்துங்கள், வேலியை முதலில் போடுங்கள், கண்ணாடி இல்லாத யாரையும் கரைக்கு விடாதீர்கள்.